மலர் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. கோயில் மலர், பள்ளி மலர், குடும்ப வரலாறு, அப்பாவின் கவிதைத் தொகுப்பு என்று எதையாவது அச்சுக்குக் கொடுக்க நினைத்திருப்பவர்கள் மட்டுமாவது முழுதும் படிக்க வேண்டுகிறேன்.

2023 ஏப்ரலில் நம் சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்குக்காக யாகசாலை அமைக்க மண் எடுத்தபோது என்ன கிடைத்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஐம்பொன் சிலைகள், கூடவே தேவாரம் பொறித்த 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகள். யார் புதைத்தார்கள், எதற்காகப் புதைத்தார்கள் என்று ஆளுக்கொரு கதை சொன்னோம். எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. மண்ணைத் துடைத்தார்கள், எழுத்து இருந்தது. படிக்கத் தெரிந்தவர் படித்தார். அவ்வளவுதான். அதற்கு எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை.

அதே சமயம் என் மேசையில் ஒரு சிடி கிடந்தது. 2003-இல் நம் ஊரிலேயே தட்டச்சு செய்த ஒரு புத்தகம் அதற்குள் இருந்தது. அது திறக்கவில்லை.

எங்களோடு வேலை பார்த்த தமிழாசிரியர் ஒருவர். பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். குடும்பத்தார் விரும்பாததால் விடுகிறேன். சனி, ஞாயிறு ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாதிரவேளூர்ப் பக்கம், எடமணல் பக்கம் என்று போய்விடுவார். வரப்பில் உட்கார்ந்து நடவுப் பாட்டைக் கேட்டு எழுதிக்கொள்வார். சாவு வீடுகளில் எழுத மாட்டார். பிறகு ஒருநாள் போய், அந்த ஒப்பாரி சொன்ன கிழவியிடம் மெதுவாகக் கேட்டு எழுதி வருவார். இன்றைக்கு நடவுக்கு இயந்திரம் வருகிறது, வெளிமாநிலத்து ஆட்கள் வருகிறார்கள். அந்தப் பாட்டுகளைப் பாடியவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஐயாவும் இல்லை. அவருடைய நோட்டுகள், 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அதில் ஊறிக் கூழாகிவிட்டன. மிஞ்சியது அந்த சிடிதான். அவர் மகள் அதைப் புடவைக்குள் சுற்றி வைத்திருந்து கொண்டுவந்து கொடுத்தார்.

உள்ளே இருந்தது பேஜ்மேக்கர் கோப்பு. இந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்ததோடு சரி. இப்போதைய இன்டிசைன் அந்தக் கோப்பைத் திறக்காது. பழைய கணினி ஒன்றைத் தேடிப்பிடித்துத் திறந்தால், 'இந்த ஃபான்ட் உங்களிடம் இல்லை, வேறொன்றைப் போடட்டுமா' என்று கேட்டது. போடு என்றால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். நடவுப் பாட்டு ஒரு வரிகூட இல்லை.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் நான் பிறகு சொல்லப்போவது புரியும். அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்கள் ஒருவகையில் முகமூடிகள். பாமினி என்ற எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஆங்கில ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. ஜே-யின் படத்தைத் 'த' மாதிரியும் கே-யின் படத்தை 'ம' மாதிரியும் வரைந்து வைத்திருக்கிறார்கள். முகமூடி இருக்கும்வரை தமிழ். கழன்றால் ஜேகேபிஓ. சரி, ஒரே முகமூடியாகவாவது இருந்ததா? ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை இடம்மாற்றி வைத்தது. 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடத்தி, அரசு டாம், டாப் என்று இரண்டு முறைகளை அறிவித்தது. ஆனாலும் கடைக்கு ஒரு ஃபான்ட் என்ற நிலை மாறவில்லை. சில மென்பொருள்கள் கணினியின் பின்புறம் செருகும் பூட்டோடு வரும். பூட்டு தொலைந்தால் எழுத்தும் தொலைந்தது. 2010-இல்தான் யூனிகோடைத் தரமாகத் தமிழக அரசு ஏற்றது. யூனிகோடில் 'த' என்றால் உள்ளேயும் 'த'தான். ஃபான்ட் இல்லாவிட்டால் வேறொரு தமிழ் ஃபான்ட் அந்த இடத்தில் வரும். சட்டைதான் மாறும், ஆள் மாறமாட்டார்.

ஐயாவின் கோப்பைத் தட்டச்சு செய்த கடை எப்போதோ மூடிவிட்டது. மயிலாடுதுறையில் ஒரு டிடிபி ஆபரேட்டரிடம் அந்த ஃபான்ட் இருந்தது, நம் அதிர்ஷ்டம். 'சார், இதைக் கேட்டு யாராவது வருவாங்கன்னுதான் அழிக்காம வச்சிருக்கேன்' என்றார். அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். பிறகு என்எச்எம் கன்வர்ட்டர் என்ற இலவச மென்பொருளில் போட்டு யூனிகோடுக்கு மாற்றினோம். தலைப்புகள் வேறு ஃபான்டில் இருந்ததால் அவற்றைத் தனியாக மாற்ற வேண்டியிருந்தது.

மாற்றினால் முடிந்ததா? பழைய எழுத்துருக்களில் கொம்பு முதலில் பதிவாகும், எழுத்து பிறகு. யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. 'கௌ' எழுத பழைய முறையில் கொம்பு, க, ள என்று மூன்றையும் வரிசையாக அடித்தார்கள். அதனால் மாற்றும் மென்பொருள் கொம்புக்குப் பின் 'ள'வைப் பார்த்ததும் ஔகாரம் என்று நினைத்துவிடுகிறது. 'வெளி' எல்லாம் 'வௌி' ஆனது. 'வெள்ளம்' 'வௌ்ளம்' ஆனது. இணையத்தில் இப்படிப்பட்ட 'வௌியீடு'களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் பாட்டுகளில் வெள்ளமும் வெளியும் வராத பக்கம் ஏது? உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். வட்டார வழக்கு வேறு. எது பிழை, எது பாட்டு என்று ஐயாவின் மகளைக் கேட்டுக் கேட்டுத்தான் முடிவு செய்ய முடிந்தது.

நடவுப் பாட்டுகள் கிடைத்துவிட்டன. ஒப்பாரிகள் கிடைக்கவில்லை. பணம் போதாமல் அந்தப் பகுதியை ஐயா தட்டச்சுக்கே கொடுக்கவில்லையாம்.

இங்கேதான் இரண்டாவது கதை. அந்த ஒப்பாரி நோட்டுகளை 2016-இல் ஒரு மாணவன் பொறுப்பாக ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, லிங்கை எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். அந்த லிங்க் இன்றும் என் மின்னஞ்சலில் இருக்கிறது. அழுத்தினால் கோப்பு இல்லை என்று வருகிறது. காரணம், அவன் ஏற்றியது படித்த கல்லூரி கொடுத்த கணக்கில். படிப்பு முடிந்து சில காலத்தில் கல்லூரி அந்தக் கணக்கை மூடிவிட்டது. அவனைக் குறை சொல்லமாட்டேன். எங்கள் தலைமுறை செய்யாததை அவன் செய்தான். ஆனால் 'டிரைவில் போட்டாச்சு சார்' என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. யார் டிரைவில்? அவர் வேலை மாறினால்? இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுளே 2023 டிசம்பர் முதல் விதி வைத்திருக்கிறது. இறந்துபோனவர் எப்படி உள்ளே நுழைந்து கணக்கை உயிரோடு வைத்திருப்பார்?

பெரிய நிறுவனம், எங்கே போய்விடப் போகிறது என்று நினைக்காதீர்கள். மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று யாஹூ குழுமங்களில் தமிழர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதினார்கள். 2020 டிசம்பரில் யாஹூ குழுமங்கள் என்ற கடையையே இழுத்து மூடிவிட்டார்கள். தன் எழுத்தைத் தனியாக எடுத்து வைத்தவருக்கு அது மிஞ்சியது.

ஆகவே என் கருத்தை உடைத்தே சொல்கிறேன். ஒரு மலருக்கு நீங்கள் பணம் கொடுத்தால், அச்சடித்த புத்தகம் மட்டும் போதாது. அதன் முழு மேட்டரும் யூனிகோடு எழுத்தாக உங்கள் கைக்கு வரவேண்டும். வரும்வரை கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கும்பாபிஷேக மலருக்கு அள்ளிக் கொடுக்கிறீர்கள், நல்லது. விளம்பரப் பக்கத்தில் உங்கள் படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கிற அக்கறையில் பாதியை இதில் காட்டுங்கள். (கோபிக்க வேண்டாம், உங்கள் வாத்தியார் சொல்கிறேன்.)

'பிடிஎஃப் இருக்கே சார், போதாதா?' என்று மருமகன் ஒருவர் கேட்டார். போதாது. பழைய ஃபான்டில் செய்த பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது, ஒரு வரியை எடுத்து ஒட்டினால் மறுபடி ஜேகேபிஓ. என்னிடம் படித்த பார்வையற்ற மாணவர் ஒருவர் கணினி வாசித்துக் காட்டுவதைக் கேட்டுத்தான் படிக்கிறார். அவருக்கு அந்த பிடிஎஃப் வெறும் இரைச்சல். ஏற்கெனவே அப்படி ஒரு பிடிஎஃப்தான் இருக்கிறது, ஃபான்ட் பெயரும் தெரியவில்லை என்றால் ஒரு வழி உண்டு. பக்கங்களைப் படமாக மாற்றி கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாகப் படித்துக் கொடுக்கும். பிழை இருக்கும், புரூஃப் பார்த்தே ஆகவேண்டும். ஆனாலும் மறுபடி முழுதும் அடிப்பதைவிட மேல்.

ஆபரேட்டர்கள் மீது பழி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பேஜ்மேக்கர் யூனிகோடை ஏற்றதே கிடையாது. இன்டிசைனில் 2012-இல் வந்த சிஎஸ்6-இல்தான் இந்திய மொழிகளுக்கு ஒழுங்கான வசதி வந்தது. அதற்குள் கைவிரல்கள் பழைய விசைப்பலகைக்குப் பழகிவிட்டன; அழகழகான ஃபான்டுகளும் அந்தப் பக்கமே இருந்தன. இன்று அந்தச் சாக்கு செல்லாது. 'யூனிகோடு போட்டா இன்டிசைன்ல கொம்பு தனியா நிக்குது சார்' என்று உங்கள் ஆபரேட்டர் சொன்னால், பாராகிராஃப் பேனல் மெனுவில் 'வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கொம்பு போய் ஒட்டிக்கொள்ளும். காசு கொடுக்காமல் வேலை செய்ய ஸ்கிரைபஸ் இருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பு தமிழைச் சரியாகக் கோக்கிறது. அதற்கு முந்தைய 1.4-ஐப் போட்டுப் பார்த்துவிட்டுத் திட்டாதீர்கள். கணிதம் படித்தவர்களுக்கு லேடெக் தெரிந்திருக்கும். சாதாரண லேடெக் தமிழைக் கண்டால் தடுமாறும்; ஸீலேடெக் என்ற வடிவத்தில் ஓட்டி, ஃபான்ட் குறிப்பிடும் வரியில் எழுத்துமுறை தமிழ் என்றும் சொல்லிவிட வேண்டும். அதன் மூலக்கோப்பு வெறும் எழுத்து என்பதால் எந்தக் கணினியிலும் திறக்கும், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

எழுத்து கைக்கு வந்தபின் எங்கே வைப்பது? ஒரே ஆளிடம் வைக்காதீர்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். உலகெங்கும் தன்னார்வலர்கள் அடித்து, மெய்ப்புப் பார்த்து, யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். யாரிடமும் 'அணுகல் கோர' வேண்டியதில்லை. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் 97,000 நூல்களோடு எரிந்ததை அறிந்த ஈழத்தவர்கள் 2005-இல் நூலகம் என்ற இணையத் தொகுப்பைத் தொடங்கினார்கள். அதில் பெரிய இலக்கியங்கள் மட்டுமல்ல, பள்ளி மலரும் கோயில் மலரும் நினைவு மலரும்கூட இருக்கின்றன. நம் பகுதி மலர்களுக்கு அப்படி ஒரு வீடு இல்லை. இன்டர்நெட் ஆர்க்கைவில் யார் வேண்டுமானாலும் இலவசமாக ஏற்றலாம். அதுவும் 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு ஆளாகிச் சில நாள் முடங்கியது என்பதால், வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்கிலும், வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடமும் பிரதி இருக்கட்டும்.

ஒன்றை மறக்கக்கூடாது. எழுதியவர் இறந்து 60 ஆண்டுவரை உரிமை வாரிசுகளுடையது. ஆகவே அவர்களைக் கேட்காமல் எதையும் பொதுவில் ஏற்றாதீர்கள். ஐயாவின் மகளிடம் எழுத்தாகவே சம்மதம் வாங்கியிருக்கிறோம்; நடவுப் பாட்டுத் தொகுப்பு தை மாதத்துக்குள் ஏறிவிடும்.

இப்போது இரண்டு வேண்டுகோள். 2016-இல் வந்த அந்த லிங்கைத் திறந்து, ஒப்பாரி நோட்டின் பக்கங்களை யாராவது போனிலோ கணினியிலோ இறக்கி வைத்திருந்தால் தயவுசெய்து தேடிப் பாருங்கள். நீல அட்டை போட்ட நோட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் ஊர்ப் பெயர்கள் இருக்கும். ஒரு பக்கம் கிடைத்தாலும் அனுப்புங்கள். அடுத்தது, வீட்டுப் பரணில் பழைய சிடி, பிளாப்பி கிடந்தால் தூக்கிப் போட வேண்டாம். பழைய பேஜ்மேக்கர் ஓடும் கணினி ஒன்று இப்போது என் வீட்டுத் திண்ணை அறையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் எப்போது வந்தாலும் இருப்பேன். கோப்போடு ஃபான்டும் இருந்தால் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.