134ஆம் இடத்தில் ஒரு பெண்



பண்டார் தெங்காராவிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். கணவருக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. மகள் பள்ளியில் டென்னிஸ் ஆடுகிறாள். கோப்பை ஒன்று வாங்கிவிட்டாள். "இனி இதுதான் அம்மா என் தொழில்" என்கிறாளாம். "உலகத்தில் முதல் பத்துப் பேருக்குள் வந்தால் சரி, வராவிட்டால் என் பிள்ளையின் கதி என்ன?" என்று கேட்கிறார் அந்தத் தாயார்.

நியாயமான கேள்வி. கோப்பையைத் தூக்கிப் பிடித்தவரின் படத்தைத்தானே பத்திரிகைகள் போடுகின்றன? முந்நூறாவது இடத்தில் இருப்பவள் எந்த ஊரில், என்ன சாப்பிட்டுப் படுத்தாள் என்று யார் எழுதுகிறார்கள்?

ஒரு காலத்தில் தோட்டப்புறத்தில் டென்னிஸ் என்றால் துரைமார் கிளப்தான். நம் பிள்ளைகளுக்கு அங்கே பந்து பொறுக்கும் வேலை மட்டுமே. 1972இல் கெஜோரா வாரியம் அமைந்து, காட்டைத் திருத்தி எழுப்பிய புது நகரங்களில் ஒன்று பண்டார் தெங்காரா. அங்கே நம் பெண் ஒருத்தி மட்டையைப் பிடிக்கிறாள் என்பதே எனக்குப் பெருமைதான். ஆனால் பெருமை அடுப்பெரிக்காது. ஆகவே கணக்குப் பார்ப்போம்.

கோயம்புத்தூரில் 1976இல் பிறந்த நிருபமா வைத்தியநாதனை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஐந்து வயதில் தகப்பனாரிடம் ஆட்டம் கற்கத் தொடங்கியவர். பதினான்கு வயதில் இந்திய மகளிர் பட்டம் வென்றவர். 1998 ஜனவரியில் மெல்பர்னில், ஆஸ்திரேலியப் போட்டியின் முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிச்சினியைத் தோற்கடித்தார். 1934இலேயே லீலா ராவ் என்ற இந்தியப் பெண்மணி விம்பிள்டனில் ஓர் ஆட்டம் வென்றதுண்டு. ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் கதவு திறந்த 1968க்குப் பிறகு, பெரும் போட்டியின் ஒற்றையர் பிரிவில் வென்ற முதல் இந்தியப் பெண் நம் தமிழ்ப் பெண் நிருபமாதான். அதே ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியுடன் சேர்ந்து கலப்பு இரட்டையரில் வெண்கலம். 2000இல் சிட்னி ஒலிம்பிக்.

இத்தனை சாதித்தவர் எட்டிய மிக உயர்ந்த இடம் எது தெரியுமா? 134.

அந்த எண்ணைக் கேட்டு உதட்டைப் பிதுக்காதீர்கள். பெரும் போட்டியில் ஒற்றையர் ஆடுவோர் 128 பேர். ஏறக்குறைய முதல் நூறு பேருக்கு நேரே இடம் உண்டு. மற்றவர்கள் முன்கூட்டியே போய்த் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் வென்றால்தான் உள்ளே போகலாம். 134 என்பது வாசற்படியில் நிற்கிற இடம். விருந்தின் மணம் வரும். இலை போட்டுவிட்டார்களா என்பது மட்டும் தெரியாது.

அந்தப் படியிலும் உட்கார்ந்து இளைப்பாற முடியாது. ஒரு வாரம் வாங்கிய புள்ளி 52 வாரம் கழிந்ததும் விழுந்துவிடும். சென்ற ஆண்டு வென்றதை இந்த ஆண்டும் வெல்ல வேண்டும், இல்லையேல் இறக்கம். கால் சுளுக்கிப் படுத்தால் வருமானமும் படுத்துவிடும். மழை பெய்தால் பால் வெட்டுக்குப் போக முடியாத நாளை நம் வீடுகளுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே பிழைப்புத்தான், விமானச் சீட்டோடு.

பணத்துக்கு வருவோம். அடிமட்டத்துப் போட்டிகளில் மொத்தப் பரிசே 15,000 அமெரிக்க டாலர். அத்தனை பேருக்கும் அதிலேதான் பங்கு. வாரம் முழுதும் வென்று பட்டம் பெற்றவளுக்குச் சுமார் 2,000 டாலருக்குச் சற்று மேல். முதல் ஆட்டத்திலேயே தோற்றவளுக்கு 150 டாலர் அளவு. விமானம், தங்குமிடம், சாப்பாடு, மட்டைக்கு நரம்பு கட்டும் கூலி எல்லாம் தன் கைக்காசு. அனைத்துலக டென்னிஸ் சம்மேளனம் 2013ஆம் ஆண்டு வரவு செலவை ஆராய்ந்தபோது, பயிற்சியாளர் சம்பளத்தைச் சேர்க்காமலே பெண்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 டாலர் செலவாவது தெரிந்தது. வரவும் செலவும் சரிக்கட்டுவது சுமார் 253ஆம் இடத்தில்தான். அதற்குக் கீழே இருப்பவள் கைநஷ்டத்தில் ஆடுகிறாள். அந்த நஷ்டத்தைத் தாங்குவது யார்? அப்பாவின் சேமிப்பும் அம்மாவின் நகையும்தான்.

ஆகவே சகோதரி, உங்கள் மகளைத் தடுக்கச் சொல்ல மாட்டேன். வீட்டை அடகு வைக்கவும் சொல்ல மாட்டேன். படிப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, நன்றாக டென்னிஸ் ஆடும் பெண்களுக்கு, வெளிநாட்டவர் உட்பட, உபகாரச் சம்பளம் கொடுத்துப் படிக்க வைக்கின்றன. மதிப்பெண் இல்லாதவளுக்கு அந்தக் கதவு திறக்காது. நான்காண்டு ஆட்டமும் கிடைக்கும், பட்டமும் கிடைக்கும். பிறகு உலகச் சுற்றில் இறங்குவதா என்று இருபத்திரண்டு வயதில் அவளே முடிவு செய்யட்டும். ஜெர்மனி போன்ற நாடுகளில் கிளப் அணிகளுக்கு ஆடிக் கூலி வாங்கி, அந்தக் காசில் ஆண்டை ஓட்டுகிற பெண்களும் இருக்கிறார்கள்.

"தோற்றால் ஊர் சிரிக்குமே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஊர் எதற்குத்தான் சிரிக்கவில்லை?

2005இல் ஹைதராபாத்துப் பெண் சானியா மிர்சா அதே மெல்பர்னில் மூன்றாம் சுற்றுவரை போனார். உலகமே அவரைக் கொண்டாடியது. நிருபமாவின் பெயர் பின்னுக்குப் போயிற்று. அவரோ திருமணமாகி நிருபமா சஞ்சீவ் ஆகி, அமெரிக்காவில் கலிபோர்னியாவில் பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். தாயான பிறகு, 2010இல் மறுபடி மட்டையைத் தூக்கிக்கொண்டு டில்லி காமன்வெல்த் விளையாட்டில் இந்தியாவுக்காக ஆடினார். அப்போது அவருக்கு வயது 33. மூன்றாண்டு கழித்துத் தன் கதையைத் தானே ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். 'தி மூன்பாலர்' என்று பெயர். பந்தை நிலாவுக்கு எறிவதுபோல் உயரத் தூக்கி அடித்து, எதிரியின் பொறுமையைச் சோதிக்கிற ஆட்டத்துக்குத்தான் அந்தப் பெயர்.