ஒரு பிளாக்கில் ஒரு வண்டி

பனி இல்லாத மாதங்களில் நார்வேயின் பனிச்சறுக்குச் சங்கங்கள் பிள்ளைகளைச் சக்கரம் வைத்த ரோலர் ஸ்கீயில் தார்ச்சாலையில் பழக்கும். 2020 மார்ச் 12 அன்று கொரோனாவால் அங்கே அடைப்பு வந்தது. அம்மாதம் நடக்கவிருந்த 54 கிலோமீட்டர் பிர்கெபெய்னர் பந்தயம் ரத்தாயிற்று. ஆயிரக்கணக்கானோர் கூடும் பந்தயத்தை நிறுத்தியது சரி. கோடைப் பயிற்சியையும் அதோடு சேர்த்து எண்ணுவது சரியல்ல என்பது என் கட்சி.

ரயில்வேயில் ஒரு பிளாக்கில் ஒரு வண்டிதான். இந்த விளையாட்டிலும் 30 விநாடிக்கு ஒருவராக அனுப்பும் வழக்கம் முன்பே உண்டு. கையில் இரண்டு நீளக் கோல் வேறு. யார் ஒட்டி வர முடியும்? ஒரே காரில் நெருக்கியடித்து வருவதும் உடைமாற்றும் அறையும்தான் ஆபத்து. அவற்றை மூடிவிட்டுச் சாலையைத் திறந்து வைப்பதே பொறுப்பான நிர்வாகம். பெரியவர்கள் காத்திருப்பார்கள்; பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு கோடை விட்டால் மறு பனிக்குத் திரும்புவது நிச்சயமில்லை. நம் ஞாயிறு தமிழ் வகுப்பை நடத்துவோருக்கு இது புதிய செய்தியல்ல.