எடுக்கறதுதான் எடுக்கற, டாப் எண்டா எடுத்துடு!



கொஞ்சம் நீளமான பதிவு. மார்கழிக் குளிரில் காபியை வைத்துக்கொண்டு படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "அருமை டீச்சர்" என்று போட்டால் எனக்குத் தெரிந்துவிடும். 34 வருஷம் நோட்டு திருத்தியவள் நான்.

விஷயம் இதுதான். என் தங்கை மகன் கார் வாங்கப் போகிறான். ஹூண்டாய் ஐ20 என் லைன். வேகமாகப் போகிற சின்னக் கார். பின்னால் இரட்டைக் குழாய், உள்ளே சிவப்புத் தையல், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கொஞ்சம் உறுமும். ஆசைப்படட்டும். 28 வயதில் ஆசைப்படாமல் என் வயதிலா ஆசைப்படுவான்? காரைப் பற்றி எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. என் சண்டை எல்லாம் நம் குடும்பக் குழுவில் போன வாரம் வந்து விழுந்த ஒரே வாக்கியத்தோடுதான்.

"எடுக்கறதுதான் எடுக்கற, டாப் எண்டா எடுத்துடு."

எழுதியது யார் என்று சொல்ல மாட்டேன். எழுதியவருக்குத் தெரியும். அதற்கு 19 பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அடுத்த நாள் காலையில் தங்கை போன் செய்து, "அக்கா, என் நாலு வளையலை பேங்க்ல வெச்சுடலாம்னு இருக்கேன், பையன் ஆசைப்படறான்" என்றாள். அந்த வாக்கியத்தின் விலை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சரி, பலகைக்கு வாருங்கள். கணக்குப் போடலாம்.

முதலில் பெயர். 'என்' என்றால் என்னுடையது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஹூண்டாயின் ஆராய்ச்சி மையம் இருக்கும் கொரியாவின் நம்யாங், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ரேஸ் பாதை, இரண்டின் முதலெழுத்தும் அதுதான். ஐரோப்பாவில் நிஜமான 'ஐ20 என்' விற்றார்கள். 1.6 லிட்டர் டர்போ, 204 குதிரைத்திறன். நம் ஊருக்கு வந்திருப்பது 'என் லைன்'. 1 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ, 120 குதிரைத்திறன். சாதாரண ஐ20-ஐ விடச் சஸ்பென்ஷன் கொஞ்சம் இறுக்கம், சத்தம் கொஞ்சம் கூடுதல். நல்ல வண்டிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அண்ணன் பேரைத் தம்பிக்கு வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்து வாங்கு என்கிறேன்.

இதில் என்-6, என்-8 என்று இரண்டு படிகள். ஒவ்வொன்றிலும் கையால் கியர் போடுவது ஒன்று, தானாக மாறும் டிசிடி ஒன்று. ஆக மொத்தம் நான்கு. 2023 செப்டம்பரில் அறிவித்த அறிமுக விலை, ஷோரூம் விலை:

என்-6 மேனுவல் - 9.99 லட்சம்
என்-6 டிசிடி - 11.10 லட்சம்
என்-8 மேனுவல் - 11.22 லட்சம்
என்-8 டிசிடி - 12.32 லட்சம்

இப்போது என் கேள்வி. 9.99 லட்சத்து வண்டிக்கும் 12.32 லட்சத்து வண்டிக்கும் இன்ஜினில் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. அதே 120 குதிரை. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், இரண்டிலும். ஆறு ஏர்பேக், இரண்டிலும். வண்டி வழுக்காமல் பிடிக்கும் இஎஸ்சி, இரண்டிலும். அலாய் சக்கரம் 16 அங்குலம், இரண்டிலும். ஓடுவதற்கும் நிற்பதற்கும் உயிரைக் காப்பதற்கும் வேண்டியது எல்லாம் கீழ்ப்படியிலேயே வந்துவிடுகிறது. என்-8 ஏறினால் பெரிய திரை, போஸ் ஸ்பீக்கர், போனோடு பேசும் வசதிகள், இப்படிச் சில. டிசிடி எடுத்தால் கிளட்ச் மிதிக்க வேண்டாம்.

அதாவது ஸ்போர்ட்ஸ் காருக்கு நீ கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஸ்போர்ட்ஸுக்கு ஒரு ரூபாய் கூடப் போகவில்லை! பாட்டுப் பெட்டிக்கும் இடது காலுக்கும் போகிறது.

விலை வித்தியாசம் 2.33 லட்சம் என்றுதானே எல்லோரும் சொல்கிறீர்கள்? தப்பு. இங்கேதான் நம் ஆட்கள் மதிப்பெண் இழக்கிறார்கள். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் கார் வரி மாறியது. 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் அல்ல, முழு விலைக்கும். 9.99-க்கு வரி ஏறக்குறைய 1.30 லட்சம். 12.32-க்கு 2.22 லட்சம். வரியில் மட்டும் 92 ஆயிரம் வித்தியாசம். 2.33-ஐயும் 0.92-ஐயும் கூட்டுங்கள். 3.25 லட்சம். இன்சூரன்ஸ் கூடுவதை நான் சேர்க்கவே இல்லை.

இந்த 3.25 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷக் கடனாக எடுத்தால் மாதம் ஏறக்குறைய 6,750 ரூபாய். 60 மாதத்தில் கட்டி முடிக்கும்போது 4.05 லட்சம். பாட்டு கேட்க! போனில் கேட்டால் என்ன, பாட்டு வராதா?

"டீச்சருக்கு காரைப் பற்றி என்ன தெரியும்" என்று சிலர் மனதுக்குள் சொல்வது கேட்கிறது. 52 வயதில் மாருதி 800-இல் ஓட்டக் கற்றவள் நான். பயிற்சிப் பள்ளிக்காரர் மூன்றாவது நாளே கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் கற்றேன். இன்றும் நான்தான் ஓட்டுகிறேன். அதனால் எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

டிசிடி வெறும் ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். ஓ.எம்.ஆர். சாலையில் தினம் இரண்டு மணி நேரம் ஊர்ந்து போகிறவனுக்கு, முழங்கால் வலி உள்ளவளுக்கு, அது தேவை. எனக்கு இடது முழங்கால் மழைக்கு முன்னாலேயே மழை சொல்லும். எனக்கு ஒரு கார் என்றால் கிளட்ச் இல்லாததைத்தான் கேட்பேன். ஆனால் அதன் உள்ளே இருப்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியருக்கு ஒன்று, இரட்டைப்படை கியருக்கு ஒன்று. அடுத்த கியர் தயாராகக் காத்திருப்பதால் மாறுவது கண் சிமிட்டும் நேரம்தான். இது எண்ணெயில் ஊறாத உலர் கிளட்ச். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டே இருந்தால் தேய்ந்து சூடாகும். முன்னால் இடம் விழும்வரை நின்று, பிறகு நகர வேண்டும். நம் ஊரில் அந்த இடைவெளியில் மூன்று ஆட்டோ நுழைந்துவிடும் என்பது வேறு விஷயம்.

ஆனால் நம் பையன் யார்? வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. மற்ற நாள் கம்பெனி பஸ். கார் வேண்டியது சனி, ஞாயிறு. "கியர் போட்டு ஓட்டினாத்தான் பெரியம்மா கிக்கு" என்று அவனே என்னிடம் சொன்னான். கையால் கியர் போட ஆசைப்படுகிறவனுக்குத் தானாகப் போடும் வண்டியை ஏன் தலையில் கட்டுகிறீர்கள்? அது அதிக விலை என்பதால்தான். வேறு காரணம் ஒன்று சொல்லுங்கள், இந்தப் பதிவை நீக்கிவிடுகிறேன்.

நம் பேச்சில் "டாப் எண்டு", "லோ எண்டு" என்று சொல்லிச் சொல்லி, வண்டியை விட்டுவிட்டு மனிதனுக்கே படி வைத்துவிட்டோம். வாசலில் நிற்கும் காரின் பின்பக்க எழுத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிற சொந்தக்காரர்கள் நமக்கு உண்டு. அவர்களுக்காகத்தான் மேல்படி ஏறுகிறோம். அவர்கள் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். தவணை நம்மோடு இருக்கும்.

பட்ட அனுபவம்தான் பேசுகிறது. 1998-இல் எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் வாங்கினோம். வீட்டில் மூன்றே பேர். ஒற்றைக் கதவு போதும். எதிர்வீட்டில் இரட்டைக் கதவு வந்திருந்தது. "எடுக்கறதுதான் எடுக்கறோம்" என்று அன்றைக்குச் சொன்னது நான்தான். என் நாலு பவுன் சங்கிலியை அடகு வைத்தேன். ஆறு மாதத்தில் மீட்டுவிடலாம் என்று நினைத்தேன். மாமியாருக்கு உடம்புக்கு வந்தது, வட்டி கட்டத் தவறியது, சங்கிலி ஏலத்துக்குப் போனது. என் அம்மா கழுத்திலிருந்து கழற்றி எனக்குப் போட்ட சங்கிலி அது. ஃப்ரிட்ஜ் 2011-இல் காயலான் கடைக்குப் போனது. இந்தக் கதை என் தங்கைக்கே முழுதாகத் தெரியாது. இன்றைக்கு உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன், வெட்கத்தோடுதான்.

அந்த வளையல்களும் அதே அம்மா கையில் இருந்தவை.

இன்னொன்று, இது பணத்தை விடப் பெரியது. பாதுகாப்பு. மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு சாலை விபத்து அறிக்கையின்படி விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம்: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுக்க இறந்தவர்களில் 71 சதவீதம் பேர் அதிவேகத்தால். சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர், அதில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் ஓட்டுநரல்ல, கூட உட்கார்ந்து வந்தவர்கள். இந்த எண்களை ஒருமுறை சத்தமாகப் படியுங்கள்.

ஆறு ஏர்பேக் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். இதே ஐ20-இன் முந்தைய வடிவத்தை 2022-இல் குளோபல் என்கேப் மோதிப் பார்த்தபோது, இரண்டு ஏர்பேக் இருந்த வண்டிக்கு 3 நட்சத்திரம்தான் கிடைத்தது. இப்போது ஏர்பேக் கூடியிருக்கிறது, நல்லது. பெல்ட் போடாதவனுக்கு ஏர்பேக் காவல் தெய்வம் ஆகிவிடாது.

வேகத்தைப் பற்றி ஒரு பழைய பாடம். வேகம் இரண்டு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் எத்தனை மடங்கு? "ரெண்டு" என்று கத்திய கடைசி பெஞ்சு, நில்! நான்கு மடங்கு. 50-இல் போகும்போது பிரேக் விழுங்க வேண்டியதைப் போல நான்கு மடங்கை 100-இல் விழுங்க வேண்டும். இந்தக் கணக்கு என்-6-க்கும் என்-8-க்கும் ஒன்றுதான். அங்கே டாப் எண்டு கிடையாது.

வேகமாகப் போக ஆசையா? இந்தக் கார் செய்யப்படும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் பாதையும் இருக்கிறது. 3.7 கிலோமீட்டர். எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை வராது. முறையாகக் கற்றுக்கொடுக்கிறவர்களும் உண்டு. மிச்சமாகும் பணத்தில் ஒரு துளியை அங்கே செலவழி. ஸ்பீக்கரை விட அது ஸ்போர்ட்ஸ்.

ஆகவே கண்ணா, பெரியம்மாவின் தீர்ப்பு இது. உனக்கு என்-6 மேனுவல். நாளைக்குத் தினமும் நெரிசலில் போகும் நிலை வந்தாலோ, வரப்போகிறவள் கிளட்ச் வேண்டாம் என்றாலோ, என்-6 டிசிடி, அதுவும் உன் சம்பளத்தில் சேர்த்த பணத்தில். என்-8 வேண்டுமானால் கையில் ரொக்கம் வைத்துக்கொண்டு வா, நானே கூட வந்து சாவி வாங்கித் தருகிறேன். ஆனால் உன் அம்மா கை வெறுமையாகி அந்தக் கார் வாசலுக்கு வருமானால், நான் அதில் ஏற மாட்டேன். இது கோபமில்லை, கணக்கு.

"ஜனவரியில விலை ஏறிடும், இன்னிக்கே புக் பண்ணுங்க" என்று ஷோரூம் பையன் தினம் இரண்டு முறை அழைக்கிறானாம். அவன் வேலையை அவன் செய்கிறான். விலை ஏறட்டும். அவசரத்தில் கணக்குப் போட்டவன் நூற்றுக்கு நூறு வாங்கி நான் பார்த்ததில்லை.

கட்டைவிரல் காட்டிய அந்த 19 பேருக்கும் ஒரு வார்த்தை. அடுத்தவன் வாங்கும்போது "டாப் எண்டா எடு" என்று சொல்வது சுலபம். சொல்கிறவர் தவணையில் ஒரு மாதம் கட்டுவதாக இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். இல்லையென்றால், "உனக்கு எது வேணும்பா?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். அதுதான் பெரியவர்கள் செய்ய வேண்டியது.

தவறாகச் சொல்லியிருந்தால் பின்னூட்டத்தில் திருத்துங்கள். கணக்கில் தப்பு கண்டுபிடிப்பவருக்கு என் கையால் அதிரசம் உண்டு.

தங்கச்சி, சாயங்காலம் போன் செய். வளையலைப் போட்டுக்கொண்டே பேசு.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்