விந்தாலுவின் பூர்வீகம்

ஜோலார்பேட்டை இரயில்வே குடியிருப்பில் ஒரு காலத்தில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல வாழ்ந்தன. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அத்தகைய இல்லங்களில் மணக்கும் இறைச்சிக் குழம்பே விந்தாலு. இன்றோ உணவு விடுதிகள் பலவற்றில், உருளைக்கிழங்கு மிதக்கும் வெறுங் காரக் குழம்பாக அது மாறிவிட்டது. பெயரின் ஈற்றிலுள்ள 'ஆலு'வை இந்திச் சொல்லெனக் கொண்டதால் நேர்ந்த மயக்கம் இது!

உண்மையில் அது போர்த்துக்கீசியப் பெயர். 'வீஞ்ஞ தாலியுஷ்' என்றால் திராட்சை இரசமும் பூண்டும் சேர்ந்த ஊறல் என்று பொருள். மதேரா தீவில் இன்றும் அதுவே கிறிஸ்துமஸ் உணவு. 1510இல் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியரோடு இம்முறையும் கரையேறியது. அங்கே திராட்சை இரசம் அரிது, தென்னங்கள்ளோ ஏராளம். கள்ளைப் புளிக்கவைத்த காடி, அதாவது வினிகர், இரசத்தின் இடத்தைப் பிடித்தது. சீரகம், மிளகு, பட்டை, கிராம்பு ஆகியவை நம் அஞ்சறைப் பெட்டியிலிருந்து சேர்ந்தன. மிளகாயை அமெரிக்காவிலிருந்து கொணர்ந்தவர்களும் அதே போர்த்துக்கீசியரே.

ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்களுக்கு ஊறலின் பயனை விளக்க வேண்டுவதில்லை. பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பிடுவதையும், பின்னர் உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊறவிடுவதையும் அறிந்தவர்கள் நாம். குளிர்ப்பெட்டி இல்லாத நாளில் இறைச்சியைக் காத்ததும் அதே உப்பும் புளிப்புமே. (சமையலுக்குத் தோல் ஷாப்பை உவமை சொல்வதா என்று இல்லத்தரசியர் முகம் சுளிக்கலாம், உவமை பொருந்துகிறதே!)

பிலிப்பைன்ஸ் நாட்டின் 'அதோபோ' இதற்கு ஒன்றுவிட்ட உறவு. அதன் கதை வேறு. ஸ்பானியர் வருமுன்னரே அம்மக்கள் இறைச்சியைக் காடியிலிட்டுச் சமைத்து வந்தனர். பிரான்சிஸ்கன் துறவி பெத்ரோ தெ சான் புவெனவெந்தூரா 1613இல் வெளியிட்ட தகாலு அகராதியில், அதனை 'இந்நாட்டாரின் அதோபோ' என்று குறித்தார். அங்கே பண்டம் உள்ளூர். பெயர் மட்டுமே ஸ்பானியம். விந்தாலுவிலோ பெயரும் முறையும் கடல்கடந்து வந்தன. புளிப்பு நம் தென்னை தந்தது. ஆகவே அதனை அந்நியர் உணவென்று ஒதுக்குவதும் முறையன்று. போர்த்துக்கீசியரை மறந்து முற்றும் நமதென்பதும் முறையன்று.

வீட்டில் சமைக்க விரும்புவோர்க்கு ஒரு சொல். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், கள்ளுக்காடி கிடைப்பது கடினம். கடை வினிகரைச் சற்று நீர் கலந்து பயன்படுத்துக. மசாலாவைத் தண்ணீரின்றி வினிகரிலேயே அரைத்து, இறைச்சியில் பிசறி, பீங்கான் பாத்திரத்தில் ஓர் இரவு குளிர்ப்பெட்டியில் வைக்கவும். அலுமினியப் பாத்திரம் ஆகாது; புளிப்பு அதனை அரிக்கும். சமைத்த மறுநாள்தான் சுவை கூடும். உருளைக்கிழங்கு கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்குத் தனியே வறுத்துக் கொடுங்கள்.