பெரியவர்களுக்கு மண்டையில் ஏறாதா?

பெரியவர்களுக்கு நடத்தப்படும் பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, வரவேற்புரை, ஒருவரே இரண்டு மணி நேரம் பேச்சு, டீ, வடை, குரூப் போட்டோ. வந்தவர்கள் எதைக் கற்றார்கள் என்று கேட்பார் இல்லை. கற்கவில்லையா? "வயசாயிடுச்சு, இனிமே மண்டையில ஏறாது" என்று பழி அவர்கள் தலையிலேயே விழும். இது சுத்தப் பொய்!

புதுக்கோட்டை மாவட்டம் இதைப் பொய் என்று காட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். பெண் சைக்கிள் ஓட்டுவதா என்ற கேலிக்கும் குறைவில்லை. ஆனாலும் லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். எந்த நிபுணர் வந்து வகுப்பெடுத்தார்? கற்றவர் அடுத்தவருக்கு கேரியரைப் பிடித்தார், அவ்வளவுதான். பலர் ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினார்கள், முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால்! தனக்கு எது தேவை என்று கற்பவருக்குத் தெரியும். நடத்துபவருக்குத்தான் தெரிவதில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், தண்ணீர் கொண்டு வரலாம், அண்ணன் தம்பியைக் கெஞ்ச வேண்டாம். கற்ற அன்றே பலன். கல் குவாரிகள் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு வந்தபோதும் இதே கதைதான். லோடு கணக்கு தெரியாவிட்டால் போவது சொந்தக் காசு. அதற்குப் பிறகு கணக்கு கசக்குமா?

பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963-லேயே, உழைப்பாளிகள் புழங்கும் சொற்களில் இருந்து எழுத்தைத் தொடங்கினார். இங்கோ நாற்பது வருடம் ஆடு மேய்த்த பாட்டிக்கு "ஆ – ஆடு" என்று படம் காட்டுகிறார்கள்!

சைக்கிள் வேறு, எழுத்து வேறு என்பார்கள். உண்மைதான். சைக்கிள் மறக்காது, எழுத்து மறக்கும். ஆனால் ஏன் மறக்கிறது? வகுப்பு முடிந்ததும் வாசிக்க ஊரில் ஒன்றுமில்லை, எழுத ஒரு காரணமுமில்லை. அது மூளையின் குற்றமா?

இன்னொரு மோசடி கையெழுத்து. தேசிய எழுத்தறிவு இயக்கம் வைத்த அளவுகோலே நிமிடத்துக்கு 30 சொற்கள் வாசிப்பது. பெயரை மட்டும் வரையக் கற்றுக் கொடுத்துவிட்டு, எழுத்தறிவு பெற்றவர் என்று கணக்கு காட்டுவது கைநாட்டை விடவும் ஆபத்து. கைநாட்டு வைப்பவருக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்டவாவது ஒருவர் வேண்டியிருக்கும். கையெழுத்துப் போடுபவர் படித்துப் பார்த்தே போட்டார் என்று சட்டமும் கடன்காரரும் எடுத்துக்கொள்வார்கள்.

2022-ல் வந்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்திலும் கடைசியில் ஒரு தேர்வு உண்டு. வினாத்தாளுக்குப் பதில் மகளிர் குழுவின் கடன் படிவம் ஒன்றைக் கொடுத்து, வட்டி எவ்வளவு என்று அந்தப் பெண்களையே சொல்லச் சொல்லட்டும்.