பதியவும் இல்லை, மறுக்கவும் இல்லை

பத்திரப் பதிவுத் துறையில் உயர்பதவி வகிக்கும் பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

முத்துப்பேட்டையில் வீடு வாங்குவோரையும் விற்போரையும் ஒருவரோடொருவர் சேர்த்து வைத்து, அதனால் வரும் தரகில் ஜீவனம் நடத்தும் ஒரு சாமானியன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஒரு வீட்டின் கிரயப் பத்திரம் பதியப்படாமல் நிற்பது குறித்துத் தங்கள் சமூகத்திற்கு முன்னரே மனுக்கள் அனுப்பப்பட்டுள்ளன. தபாலில் சென்றவற்றுக்கு ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. நேரில் கொடுத்தவற்றுக்கு முத்திரை குத்திய நகல் கிடைத்தது. இணையத்தில் பதிந்தவற்றுக்கு ஓர் எண் கிடைத்து, சில நாளில் ‘மனு முடிக்கப்பட்டது’ என்று கைப்பேசிக்குச் செய்தியும் வந்து சேர்ந்தது. எது முடிக்கப்பட்டது என்பது மட்டும் எங்களில் எவருக்கும் விளங்காமையால், நாலு பேர் படிக்கும்படி இவ்வாறு எழுத நேர்ந்தமைக்குப் பொறுத்தருள வேண்டும்.

தங்கள் பெயரையோ, சம்பவம் நடந்த அலுவலகம் இருக்கும் ஊரின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பழி முழுவதும் ஒரு சார்பதிவாளர் தலையில் இறங்கி, அவர் வேறிடத்துக்கு மாற்றப்பட்டு, மற்றவை யாவும் இருந்தபடியே இருக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவன் அறிந்ததே. தரகன் சொல்வதெல்லாம் தரகுக்காகத்தான் என்று தாங்கள் நினைத்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. இந்த வியாபாரத்தில் எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய தரகு போய்விட்டது என்பதும் உண்மையே.

சட்டம் தாங்கள் அறியாததன்று. கோயில் நிலம் போன்றவற்றை அனுமதியின்றிப் பதியலாகாது என்னும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் அமலில் இருப்பதையும், கோயில் நிலம் என்ற ஆட்சேபம் எழுந்தால் இரு தரப்பையும் விசாரித்த பின்னரே பதிவாளர் முடிவு செய்ய வேண்டுமெனச் சென்னை உயர் நீதிமன்றத்தின் அமர்வு 2017-ல் கூறியதையும் தங்களுக்கு நான் எடுத்துரைப்பது அதிகப்பிரசங்கம். கோயில் நிலத்தைக் காப்பது தவறு என்று சொல்லவும் நான் வரவில்லை. காவிரிப் பாசனத்தில் தெய்வத்தின் பெயரால் எழுதிவைக்கப்பட்ட நிலங்கள் எத்தனை, அவற்றில் தின்று தீர்க்கப்பட்டவை எத்தனை என்பதை எங்களைப்போல் கண்டவர் எவர்? அடிமனை கோயிலுக்கும் மேற்கட்டடம் குடியிருப்பவனுக்குமாக இருக்கும் தெருக்கள் இந்த ஜில்லாவில் எங்கும் உண்டு. அத்தகைய வீட்டைக் கிரயம் பேசித் தரும்படி யார் கேட்டாலும், அது விற்கக்கூடியதன்று என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். அப்படிப்பட்ட வீட்டைப் பற்றியதன்று இக்கடிதம்.

இவ்வூரில் வீடு கைமாறும் விதத்தைச் சென்னையில் இருப்போர் அறிந்திருக்க நியாயமில்லை. கோரையாறும் பாமணியாறும் காயலில் கலந்து அலையாத்திக் காட்டின் ஊடே கடலுக்குப் போகும் இந்தக் கோடியில், ஊரின் செல்வத்தில் பாதி நெல்வயலிலும் பாதி கடலுக்கு அப்பாலும் விளைகிறது. பாட்டன்மார் கொழும்புக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பேரன்மார் துபாய்க்கும் குவைத்துக்கும் போகிறார்கள். வாங்குகிறவன் அங்கே இருந்துகொண்டு கைப்பேசியில் வீட்டைப் பார்ப்பான். அவனுடைய மாமனாரோ மச்சானோ வந்து சுவரைத் தட்டிப் பார்ப்பார். விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமெண்ட் எழுதிக்கொண்டபின், லீவில் வந்திறங்கும் அந்த ஒரு மாதத்திற்குள் பதிவு முடிந்தாக வேண்டும். தவறினால் அடுத்த லீவு எப்போது என்பது அவன் முதலாளிக்குத்தான் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் விற்பனையாளர் சிநேகிதர் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்துக் காரியத்தை முடிக்கலாமென்றாலோ, குடும்பத்தார் அல்லாதவருக்குத் தரும் அதிகாரத்திற்கு 2023 ஜூலை முதல் சொத்தின் மதிப்பில் நூற்றுக்கு ஒன்று என்று கட்டணத்தை உயர்த்திவிட்டீர்கள். அது வேறு கதை.

சம்பவத்துக்கு வருகிறேன். எழுபது வயதைக் கடந்த ஒரு விதவை அம்மையார். கணவர் சிங்கப்பூரில் உழைத்துச் சேர்த்த பணத்தில் 1983-ல் கிரயம் பெற்ற வீடு. அப்போது இவ்வூர் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது. அதன்பின் நாகப்பட்டினம் ஜில்லாவாகி, 1997-ல் திருவாரூர் ஜில்லாவும் ஆகிவிட்டது. ஜில்லா மாறியதே தவிர வீடு அசையவில்லை. அந்தக் கிரயப் பத்திரத்தைப் பதிந்தது தங்கள் துறை. 2005-ல் மகள் கலியாணத்துக்காக அதே வீட்டை வங்கியில் அடமானம் வைத்தபோது அடமானப் பத்திரத்தைப் பதிந்ததும், கடன் தீர்ந்தபின் ரசீதுப் பத்திரத்தைப் பதிந்ததும் தங்கள் துறையே. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. ஓடு மாற்றக் கடன் பட்டார். அந்தக் கடன் தீராமல் நகை அடகுக்குப் போயிற்று. இனித் தனியே இருக்க உடம்பு இடங்கொடாது, வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு மூத்த மகளோடு தஞ்சாவூரில் போய் இருந்துவிடலாம் என்று அவர் முடிவு செய்ததில் பேராசை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வில்லங்கச் சான்று போட்டோம். தங்கள் துறையின் முத்திரையோடு, மேற்சொன்ன மூன்று பதிவுகளைத் தவிர வேறொன்றும் இல்லை என்று வந்தது. பட்டா அவர் பெயரில் இருந்தது; வீட்டு வரி ரசீது இருந்தது; மூலப்பத்திரம் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. துபாயில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் விலை பேசி அட்வான்ஸ் கொடுத்தார். அம்மையார் அதில் நகையை மீட்டு, ஓட்டுக்குப் பட்ட கடன் பாக்கியையும் தீர்த்தார். டோக்கன் போட்ட நாளன்று, தஞ்சாவூரிலிருந்து மகளும் மருமகனும் சாட்சிக்கு வந்து நிற்க, வாங்குகிறவர் லீவில் வந்து நிற்க, பத்திர எழுத்தர் சர்வே எண்ணைத் தட்டினார். திரையில் மதிப்பு பூஜ்யம் என்று வந்தது.

“ஜீரோ வேல்யூ ஆக்கியிருக்காங்க. கோயில் நிலம். சிஸ்டம் எடுக்காது” என்றார்கள்.

எந்தக் கோயில் என்று விசாரித்து அங்கே போனோம். கோயிலின் பெயரும் இங்கே வேண்டாம். அங்கிருந்தவர்கள் மேல் எனக்குக் குறை ஒன்றுமில்லை, அவர்கள்தாம் இந்த விவகாரத்தில் மனிதராக நடந்துகொண்டவர்கள். பழைய பதிவேட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அந்த சர்வே எண்ணில் குளக்கரையை ஒட்டிய ஓர் உட்பிரிவு மாத்திரமே தங்களுடையதென்றும், அம்மையாரின் உட்பிரிவில் தங்களுக்கு யாதொரு பாத்தியதையும் இல்லையென்றும் கடிதமே எழுதிக் கொடுத்தார்கள். பட்டியல் தயாரித்தவர் உட்பிரிவைக் குறிக்காமல் முழு எண்ணையும் எழுதிவிட்டார். அதை ஏற்றியவர் எழுதியபடியே ஏற்றிவிட்டார். குளக்கரைக்குப் போட வேண்டிய பூட்டு ஒரு தெருவுக்கே விழுந்தது. கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். “இது போதாது, மேலேயிருந்து வரணும்” என்றார்கள். மேலே என்றால் யார் என்று கேட்டதற்கு, கேட்டவரைப் பார்த்தார்களே ஒழியப் பதில் சொல்லவில்லை. அம்மையார் என்னைப் பார்த்து, “நாப்பது வருஷமா என் வீடு தம்பி, இவங்கதானே எழுதிக் குடுத்தாங்க?” என்றார்.

இதற்குள் இன்னொரு சங்கதியும் வெளிப்பட்டது. அதே சர்வே எண்ணில், அம்மையாரின் கொல்லைக்குப் பின்புறம் மாடிவீடு ஒன்று இருக்கிறது. எண் பூஜ்யமாகிக் கிடந்த அதே காலத்தில் அந்த வீட்டுக்குத் தானசெட்டில்மெண்ட் பத்திரம் பதிவாகியிருப்பதை வில்லங்கச் சான்றே காட்டுகிறது. ஓட்டு வீட்டுக்கு எடுக்காத சிஸ்டம் மாடிவீட்டுக்கு எப்படி எடுத்தது என்று கேட்டேன். “அது வேற” என்றார்கள். வேறுதான், ஐயா. அந்த வீட்டுக்காரர் வேறு, அவர் வந்திறங்கிய கார் வேறு, அவருக்குப் போடப்பட்ட நாற்காலியும் வேறு.

திருநாவலூரில் பிறந்து எங்கள் திருவாரூரில் வாழ்ந்த சுந்தரமூர்த்தி நாயனாரின் சரித்திரத்தைத் தாங்கள் கேட்டிருப்பீர்கள். கலியாணப் பந்தலில் கிழ வேதியராக வந்து, மாப்பிள்ளையைத் தனக்கு அடிமை என்று வழக்குரைத்தவர் சாட்சாத் பரமேசுவரன். ஆயினும் அவர் வாய்வார்த்தையோடு நின்றுவிடவில்லை, ஓலை கொண்டுவந்தார். அந்தப் படியோலை கிழிக்கப்பட்டதும், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் மூல ஓலையை நீட்டினார். சபையோரும் வந்தவர் பெரியவர் என்பதற்காக உடனே தலையசைத்துவிடவில்லை. பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு எழுத்தையும் ஒப்புநோக்கி, எதிராளியையும் பேசவிட்ட பின்பே தீர்ப்புச் சொன்னார்கள். இறைவனே உரிமை கோரியபோது ஆவணம் கேட்ட தமிழ்நாட்டில், இறைவன் கோராத நிலத்தை, அவர் கோயிலே எனதன்று என்று எழுதிக் கொடுத்த நிலத்தை, ஆவணமும் இன்றி விசாரணையும் இன்றி அவர் கணக்கில் எழுதி வைத்திருக்கிறீர்கள். இது பக்தி என்றால், சிவபெருமானுக்கே இல்லாத பக்தி.

மதிப்பு நிர்ணயிப்பதில் உங்கள் துறை அசிரத்தையானது என்று யாரும் சொல்ல முடியாது. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை நூற்றுக்கு முப்பத்து மூன்று குறைத்து, பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்காக்கினீர்கள். 2023-ல் மதிப்பைப் பழையபடி உயர்த்தி, கட்டணத்தை இரண்டாக்கினீர்கள். முத்திரைத் தீர்வை ஏழு, கட்டணம் இரண்டு, ஆக நூற்றுக்கு ஒன்பது ரூபாய் அரசாங்கத்துக்கு என்பதைக் குறைத்துச் சொல்லி எந்தத் தரகனும் தப்பிவிட முடியாதபடி, தெருவாரியாகச் சதுர அடிக்கு இவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். இத்தனை நுட்பமாகக் கணக்கு வைத்திருக்கும் நீங்கள், 1983-ல் அந்த வீட்டுக்கு வாங்கிய தீர்வையையும் கட்டணத்தையும் 2005-ல் வாங்கியவற்றையும் என்ன கணக்கில் வைத்திருக்கிறீர்கள்? அது கோயில் நிலமாக இருந்தால் அன்றைக்குப் பதிந்தது குற்றம். இல்லையென்றால் இன்றைக்குப் பதியாதது குற்றம். இரண்டில் ஒன்றை நீங்கள் ஒப்புக்கொண்டே தீர வேண்டும். அதற்கான தண்டனையை மாத்திரம் அந்தக் கிழவி அனுபவிக்கிறாள்.

இவ்வூரில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீடு வாசலோடு இருந்து திரும்பியவர்கள் அநேகர். 1858-ல் தென் ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் என்பவர் ஏற்படுத்திய முறையைப் பின்பற்றி, அந்நாடுகளில் அரசாங்கத்தின் ஏட்டில் எவன் பெயர் இருக்கிறதோ அவனே உடையவன் என்று அரசாங்கமே பொறுப்பேற்கிறது. இங்கே 1908-ஆம் வருஷத்துச் சட்டப்படி நீங்கள் பதிவது பத்திரத்தை, உரிமையை அன்று. உரிமைக்கு நாங்கள் ஜவாப்தாரி அல்ல என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டீர்கள். நல்லது, ஒப்புக்கொள்கிறோம். உரிமை உண்டு என்று சொல்ல அதிகாரமில்லாதவர்களுக்கு, உரிமை இல்லை என்று சொல்லும் அதிகாரம் மட்டும் எங்கிருந்து வந்தது?

அதைக்கூட நீங்கள் வாய்திறந்து சொல்லவில்லை என்பதுதான் இதில் உள்ள சாமர்த்தியம். ஒரு பத்திரத்தை வாங்கிப் பார்த்து மறுத்தால், காரணத்தை எழுதி இரண்டாம் எண் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். கட்சிக்காரனுக்கு நகல் தர வேண்டும். அவன் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்வான், அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் நீதிமன்றம் போவான். கணினி எண்ணை ஏற்காவிட்டாலோ பத்திரமே தாக்கலாகவில்லை, தாக்கலாகாததை மறுப்பதெப்படி? மறுக்காததன் மேல் முறையீடு எப்படி? ஒரு மனுஷியின் வீட்டைப் பறித்துக்கொள்ள இதைவிடச் சுத்தமான உபாயத்தை எந்த மிராசுதாரும் எந்தக் காலத்திலும் கண்டுபிடித்ததில்லை. அவன் குறைந்தபட்சம் ஆள் அனுப்பினான்; வந்தவன் முகமாவது தெரிந்தது.

வாங்க வந்த பிள்ளையின் லீவு முடிந்துவிட்டது. அவர் நல்லவர், ஆனாலும் உழைத்த பணம், திருப்பிக் கேட்கிறார். மீட்ட நகை மறுபடியும் அடகுக் கடைக்குப் போய்விட்டது. அதுவும் போதாமல் அந்த அம்மையார் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவதாக அவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். சொந்த வீட்டை விற்கப் போனவள் கடன்காரியாகத் திரும்பி வந்தாள். இந்த ஏற்பாட்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், நீங்கள் சர்வரைக் காட்டுவீர்கள்.

கருணை கேட்கவில்லை. விசேஷ முகாம் நடத்தி, மேடை போட்டு, அந்தக் கிழவியின் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளச் சொல்லவும் இல்லை. அந்த எண்ணைப் பூஜ்யமாக்கியது எந்தத் தேதியில், எந்தக் கடிதத்தின் பேரில், யார் கையால் என்பதைச் சொல்லுங்கள். மாடிவீட்டுக்கு மட்டும் அது எப்படித் திறந்தது என்பதையும் முடிந்தால் சொல்லுங்கள். சொல்ல மனமில்லையென்றால், அவள் பத்திரத்தைக் கைநீட்டி வாங்குங்கள். பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தில் அதற்கு இடமில்லை என்று தோன்றினால், இரண்டாம் புத்தகத்தில் காரணத்தை உங்கள் கையெழுத்தோடு எழுதித் தாருங்கள். மிச்சத்தை நாங்கள் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முத்துப்பேட்டை வீட்டுத் தரகன் ஒருவன்