முளைப்பாரி ஏன் சாய்ந்தது?

சங்கரன்கோவிலுக்கு அருகே உறவினர் வீடொன்றில், அம்மன் கொடைக்காக இருட்டறையில் முளைப்பாரி வளர்த்திருந்தார்கள். இருட்டிலே வளரும் முளை வெளிறித்தான் இருக்கும். அதை அறியாத வீட்டுப் பையன், பயிர் சோர்ந்ததென்று எண்ணி, மூலையிலே பலமான மின்சார விளக்கொன்றை ஏற்றிவிட்டான். மறுநாள் முளைகளெல்லாம் விளக்கைக் கும்பிடுவதுபோல் சாய்ந்து கிடந்தன. முளைப்பாரி கோணினால் குடும்பத்துக்கு ஆகாதாம்! பழி முழுவதும், விரதமிருந்து நீர் தெளித்த மருமகளின் தலையில் விழுந்தது.

பாவம், அவள் என்ன செய்வாள்? சார்லஸ் டார்வின் தம் குமாரர் பிரான்சிஸுடன் இதைச் சோதித்து 1880-ல் நூலாகவே வெளியிட்டார். புல் முளையின் நுனியை மாத்திரம் மூடினால் அது ஒளிப்பக்கம் திரும்புவதில்லை. உணர்வது நுனி, வளைவது அதன் கீழ்ப்பாகம். நுனியில் சுரக்கும் ஆக்ஸின் என்னும் பொருள் நிழற்பக்கம் மிகுதியாகச் சேர, அப்பக்கம் அதிகம் நீண்டு, தண்டு ஒளியை நோக்கிச் சாய்கிறது. நீல ஒளிக்கு இச்சக்தி அதிகம்.

வீட்டிற்குள் செடி வளர்க்கும் நேயர்கள் விளக்கை நேர் மேலே தொங்கவிடலாம். அல்லது தினந்தோறும் தொட்டியைச் சிறிது திருப்பி வைக்கலாம். முளைப்பாரிக்கோ அதுவும் வேண்டாம். விளக்கை அணைக்கச் சொன்னேன். இருட்டிலும் தண்டு மேல் கீழ் அறியும். அடுத்த நாள் மாலைக்குள் இளம் நுனிகள் நிமிர்ந்துவிட்டன. மாமியார் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்து மருமகள் கையில் கொடுத்தார்.